எவ்வளவு பாடுபடுவது, எங்கே நிறுத்துவது?

(கணனிப் பயிற்சியை முடித்துக்கொண்ட தோட்டத்து இளைஞர் யுவதிகளும் அவர்களது பெற்றோரும் கலந்துகொண்ட கூட்டத்தில், எமது நிதியத்தின் சார்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இன்றைக்கு நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது இணையத்தள வேலையைப் பற்றி. கொழுந்து எடுக்கிற எங்களுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று பெரியவர்கள் நினைக்கலாம். சம்பந்தம் இருக்கிறது. எமது பிள்ளைகள் சாதாரண தரம், உயர்தரம் என்று படித்துவிட்டுக் கணனி பழகுகிறார்கள். சிலர் கொழும்பிலே கம்பனிகளில் இந்த வேலை பார்க்கிறார்கள். சிலர் வீட்டில் இருந்தபடியே டவுனில் உள்ள தையல் கடைக்கும், பேக்கரிக்கும், சுற்றுலாப் பயணிகளுக்கு அறை வாடகைக்குக் கொடுப்பவர்களுக்கும் இணையத்தளம் செய்து கொடுத்து நாலு காசு பார்க்கிறார்கள். அந்த நாலு காசு குடும்பத்துக்கு வருகிற காசு. அதற்குச் செலவாகிற நேரமும், மின்சாரமும், டேட்டாவும் குடும்பத்தின் செலவு. ஆகவே இது எல்லோருடைய விஷயந்தான்.

தளத்தைச் செய்து முடிப்பது ஒரு வேலை. முடித்த பிறகு அதை இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று திருத்திக்கொண்டே இருப்பது இன்னொரு வேலை. முதல் வேலைக்கு ஒரு முடிவு உண்டு. இரண்டாவது வேலைக்கு முடிவே கிடையாது. அப்படிப்பட்ட வேலைக்கு நாமாகத்தான் ஒரு முடிவு வைத்துக்கொள்ள வேண்டும். அதை எங்கே வைப்பது, எந்தக் கணக்கைப் பார்த்து வைப்பது என்பதுதான் இன்றைய பேச்சு.

வருகைக் கணக்கு என்றால் என்ன?

பெற்றோருக்காக முதலில் இதைச் சொல்லிவிடுகிறோம். ஒரு கடைக்கு எத்தனை பேர் வந்தார்கள், எதைப் பார்த்தார்கள், எத்தனை பேர் வாங்கினார்கள் என்று முதலாளி கவனிக்கிறார் அல்லவா? இணையத்தளத்திலும் அப்படிக் கவனிக்க வழி உண்டு. தளத்தின் பக்கங்களில் ஒரு சிறு கட்டளைத் துண்டை வைத்துவிடுவார்கள். யாராவது அந்தப் பக்கத்தைத் திறந்தால் அது கணக்கு வைக்கிற இடத்துக்குச் செய்தி அனுப்பும். எந்த ஊர்ப் பக்கமிருந்து வந்தார், கைத்தொலைபேசியில் பார்த்தாரா கணனியில் பார்த்தாரா, எந்தப் பக்கத்தில் எவ்வளவு நேரம் நின்றார் என்பதெல்லாம் பதிவாகும். இதைத்தான் அனலிட்டிக்ஸ் என்கிறார்கள். நாம் வருகைக் கணக்கு என்று சொல்லுவோம்.

கூகுள் நிறுவனம் 2005ஆம் ஆண்டு அர்ச்சின் என்ற கம்பனியை வாங்கி, அதே ஆண்டு நவம்பரில் கூகுள் அனலிட்டிக்ஸ் என்பதை இலவசமாக வெளியிட்டது. அதற்குப் பிறகு சின்னக் கடைக்காரரும் பெரிய கம்பனிகளைப் போலக் கணக்குப் பார்க்கத் தொடங்கினார்கள். அதன் பழைய பதிப்பு 2023 யூலை 1ஆம் திகதியுடன் கணக்கெடுப்பதை நிறுத்தியது. இப்போது நாலாவது பதிப்பு நடக்கிறது.

இலவசம் என்று சொன்னோம். காசு வாங்குவதில்லை என்பது சரி. ஆனால் அந்தக் கணக்கைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிற நேரம் இலவசம் இல்லை. அதற்குத்தான் யாரும் சீட்டு எழுதித் தருவதில்லை.

நேற்றுக் கொழுந்தெடுத்த மலை

உயர்தரத்தில் பொருளியல் படித்த பிள்ளைகளுக்குக் குறைந்து செல் விளைவு விதி என்ற பாடம் ஞாபகம் இருக்கும். பெயர்தான் பெரிசு. விஷயம் நம்ம அம்மாமாருக்கு எந்தப் புத்தகமும் இல்லாமலே தெரியும்.

ஏழெட்டு நாள் விட்டு ஒரு மலைக்குப் போனால் கொழுந்து தளதளவென்று நிற்கும். இரண்டு கையும் ஓடும். கூடை சீக்கிரம் நிறையும். அதே மலைக்கு மறுநாளும் போனால் என்ன கிடைக்கும்? அதே ஏற்றம், அதே அட்டைக்கடி, அதே மழை. பாடு கொஞ்சமும் குறையாது, கூடையில் விழுவதுதான் குறையும். எட்ட நின்று பார்க்கிறவர் "அந்தப் பொம்பள சும்மா நிக்கிறா" என்று சொல்லலாம். அவர் சும்மா நிற்கவில்லை, பாடுபடுகிறார். செடியில் கொழுந்து இல்லை, அவ்வளவுதான். அதனால்தான் சுற்று முறை வைத்து வேறு மலைக்கு அனுப்புகிறார்கள்.

இணையத்தளமும் இப்படித்தான். முதல் தடவை திருத்தும்போது நிறையக் கிடைக்கும். இரண்டாம் தடவை குறையும். பத்தாம் தடவை பாடு மட்டுந்தான் மிஞ்சும். ஆனால் மலையில் கூடையைத் தூக்கிப் பார்த்தால் கனம் தெரிந்துவிடும். கணனியில் அப்படித் தெரியாது. அங்கே தினமும் ஒரு புது எண் வந்துகொண்டே இருக்கும். வேலை நடக்கிற மாதிரியே இருக்கும். ஆகவே கூடையின் கனத்தை நாமே நிறுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பத்து இலட்சம் டொலர் போட்டி

இதற்கு உலகம் அறிந்த ஒரு சாட்சி இருக்கிறது. அமெரிக்காவில் நெட்பிளிக்ஸ் என்ற கம்பனி. இன்றைக்குப் படம் காட்டுகிற பெரிய கம்பனி. 2006இல் அது தனது இணையத்தளத்தில் ஓடர் எடுத்துத் தபால் மூலம் படத்தட்டு வாடகைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. பார்த்த படத்துக்கு வாடிக்கையாளர்கள் ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் போடுவார்கள். அதை வைத்து அடுத்ததாக உங்களுக்கு எந்தப் படம் பிடிக்கும் என்று தளம் சொல்லும்.

2006 ஒக்டோபர் 2ஆம் திகதி அந்தக் கம்பனி ஒரு போட்டி அறிவித்தது. எங்களுடைய கணிப்பை விடப் பத்து வீதம் திருத்தமாகக் கணிக்கிறவர்களுக்குப் பத்து இலட்சம் டொலர் பரிசு. ஏறக்குறைய 4,80,000 வாடிக்கையாளர்கள் 17,770 படங்களுக்குப் போட்ட பத்துக் கோடிக்கு மேற்பட்ட நட்சத்திரங்களைப் பெயர் நீக்கிக் கொடுத்தார்கள். பல நாடுகளிலிருந்து ஆயிரக்கணக்கான குழுக்கள் சேர்ந்தன.

ஆறே நாளில் ஒரு குழு கம்பனியின் கணிப்பை முந்திவிட்டது. ஒரு வருடம் முடியும்போது, அதாவது 2007இல், முன்னணிக் குழு எட்டிய திருத்தம் 8.43 வீதம். பத்து வீதத்துக்கு இன்னும் ஒன்றரை வீதம் கொஞ்சம் கூடத்தானே பாக்கி என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். அடுத்த வருடம் 2008இல் வந்து நின்ற இடம் 9.44 வீதம். 2009இல், மூன்று குழுக்கள் ஒன்றாகச் சேர்ந்த பிறகுதான் 10.06 வீதத்தைத் தொட்டார்கள். பரிசும் கொடுபட்டது.

இந்த எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் வருடத்தில் கிடைத்தது 8.43. இரண்டாவது வருடத்தில் கிடைத்தது 1.01. மூன்றாவது வருடத்தில் கிடைத்தது 0.62. ஆட்கள் சோம்பேறிகளா? இல்லவே இல்லை. உலகத்திலேயே கெட்டிக்காரர்கள். இராப்பகலாகப் பாடுபட்டவர்கள். செடியில் கொழுந்து குறைந்துவிட்டது.

இதற்குப் பிறகு நடந்ததுதான் நமக்கு முக்கியம். 2007இல் முன்னணியில் நின்ற குழு 107 கணிப்பு முறைகளை ஒன்றாகக் கலந்திருந்தது. அதற்கு 2,000 மணித்தியாலத்துக்கு மேல் உழைத்ததாக அவர்களே சொல்லியிருந்தார்கள். நெட்பிளிக்ஸ் அந்த 107இல் இரண்டை மட்டும் எடுத்துத் தனது தளத்தில் வைத்துக்கொண்டது. அந்த இரண்டையும் சேர்த்தபோதே கணிப்பின் பிழை 0.95 என்ற அளவிலிருந்து 0.88 வரை இறங்கிவிட்டது. அதுவே ஏறக்குறைய ஏழரை வீதத் திருத்தம்.

பத்து இலட்சம் டொலர் கொடுத்த கடைசி வடிவத்தை என்ன செய்தார்கள்? தளத்தில் வைக்கவில்லை. கூடுதலாகக் கிடைக்கிற திருத்தம், அதைத் தளத்தில் பொருத்துவதற்குச் செலவாகும் உழைப்புக்கு ஈடாகத் தெரியவில்லை என்று 2012இல் அவர்களே விளக்கம் கொடுத்தார்கள். அதோடு 2007இலிருந்து அந்தக் கம்பனி இணையத்தின் வழியே நேரடியாகப் படம் காட்டத் தொடங்கி, தொழிலே மாறிக்கொண்டு போனது. தபாலில் அனுப்பும் படத்துக்கு உதவிய கணிப்பு, உடனே பார்க்கிற படத்துக்கு அப்படியே உதவாது.

இதிலே இரண்டு பாடம் இருக்கிறது. பெரும்பாலான பலன் முதல் சில வேலைகளில் வந்துவிடுகிறது. மிச்சத்தைத் துரத்திக்கொண்டிருக்கும்போதே உலகம் வேறு பக்கம் திரும்பிவிடவும் கூடும்.

பெரிய கடையின் கணக்கு வேறு

இதைக் கேட்டதும் ஒரு தம்பி எழும்பி, "சின்னச் சின்னத் திருத்தத்தால பெரிய கம்பனிகள் கோடி கோடியா சம்பாதிக்குதே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி.

கூகுள் நிறுவனம் எழுத்துக்கு எந்த நீலம் போட்டால் ஆட்கள் கூடுதலாக அழுத்துவார்கள் என்று 41 வகை நீல நிறங்களைச் சோதித்துப் பார்த்தது. 2009இல் அங்கே வேலை செய்த டக்ளஸ் பௌமன் என்ற வடிவமைப்பாளர், இப்படிச் சின்ன விஷயத்துக்கெல்லாம் எண்ணைக் காட்டி நிரூபிக்கச் சொன்னால் வேலை செய்ய முடியாது என்று விலகிப் போனார். ஆனால் 2014இல் கூகுளின் பிரித்தானிய நிர்வாகி ஒருவர், அந்த நீல நிறச் சோதனையால் வருடத்துக்கு 20 கோடி டொலர் கூடுதலாக வந்ததென்று சொன்னார்.

அப்படியானால் அந்தச் சோதனை வீண் அல்ல. ஏன்? அவர்களிடம் வருகிற கூட்டம் அப்படி. கோடிக்கணக்கான பேர் தினமும் வந்து போகிற இடத்தில், ஆளுக்கு ஒரு சதம் கூடினாலும் மூட்டை மூட்டையாகச் சேரும். அதே உழைப்பை மாசத்துக்கு முந்நூறு பேர் வருகிற தையல் கடைத் தளத்தில் போட்டால் என்ன சேரும்? பெரிய துரை வீட்டு அடுப்புக்கு வெட்டுகிற விறகை நம்ம வீட்டு அடுப்புக்கும் வெட்டி அடுக்கினால், வைக்க இடந்தான் இல்லாமல் போகும்.

பெரிய கம்பனிகள் எழுதி வைத்த வழிமுறைகளைப் பிள்ளைகள் படிக்கட்டும். நாங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அவை யாருடைய அளவுக்கு எழுதப்பட்டவை என்று கேட்டுவிட்டுப் படிக்கட்டும்.

44 வருடம் காத்திருக்க முடியுமா?

இதைக் கணக்காகவே போட்டுப் பார்ப்போம். ஒரு தையல் கடைத் தளத்துக்கு மாதம் 300 பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள. அதில் நூற்றுக்கு இரண்டு பேர், அதாவது 6 பேர், போன் போட்டுத் துணி தைக்கக் கொடுக்கிறார்கள்.

பட்டனின் நிறத்தை மாற்றினால் இது நூற்றுக்கு 2.2 ஆகக் கூடுமா என்று சோதிக்க ஆசை. பாதிப் பேருக்குப் பழைய பக்கம், பாதிப் பேருக்குப் புதிய பக்கம் காட்டி எண்ணிப் பார்க்கிற முறை இது. புள்ளிவிபரக்காரர்கள் வழக்கமாகக் கொள்ளும் உறுதி அளவின்படி, இவ்வளவு சிறிய வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு பக்கத்துக்கும் ஏறக்குறைய 80,000 பேர் வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து 1,60,000 பேர். மாதம் 300 பேர் வந்தால் இந்தச் சோதனை முடிய ஏறக்குறைய 44 வருடம் ஆகும். சோதனை தொடங்கின தங்கச்சி பேரப்பிள்ளை பார்த்துவிடுவாள்.

நூற்றுக்கு இரண்டை நாலாக ஆக்கக்கூடிய ஒரு பெரிய மாற்றம் என்றால் ஒரு பக்கத்துக்கு 1,100 பேருக்குச் சற்று மேல் போதும். எட்டு மாதத்தில் தெரிந்துவிடும். வித்தியாசம் பாதியாகக் குறைந்தால் தேவைப்படும் ஆட்கள் ஏறக்குறைய நாலு மடங்காகும் என்பதுதான் இதன் சூட்சுமம். சின்னத் தளக்காரர் சின்ன மாற்றத்தைச் சோதிக்கவே முடியாது. கண்ணுக்குத் தெரிகிற பெரிய குறையைத் திருத்துவது மட்டுந்தான் அவருக்குக் கட்டுப்படியாகும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். மாதம் சராசரி 6 போன் வருகிற கடைக்கு ஒரு மாதம் 4 வரும், இன்னொரு மாதம் 9 வரும். தளத்தில் எதையுமே தொடாவிட்டாலும் இப்படித்தான் ஏறி இறங்கும். நாலு வந்த மாதம் தலையில் கைவைத்து உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றுவதும், ஒன்பது வந்த மாதம் "நான் செஞ்ச திருத்தம்தான்" என்று துள்ளுவதும் இரண்டுமே வீண். அதோடு தளத்தைச் செய்தவரே நாளைக்குப் பத்துத் தடவை திறந்து பார்த்தால், தன்னை விலக்கி வைக்க ஏற்பாடு செய்யாத வரைக்கும், அந்த வருகையும் கணக்கில் விழும். தன் நிழலைத் தானே எண்ணின கதைதான்.

முதல் அரை மணித்தியாலம்

அப்படியானால் எந்த வேலை பலன் தரும்? ஓர் உதாரணம் சொல்லுகிறோம். சுற்றுலாப் பயணிகளுக்கு அறை கொடுக்கிறவரின் பக்கத்தில் எட்டுப் படம். கைத்தொலைபேசியில் எடுத்தபடியே போட்டிருக்கிறார். ஒவ்வொன்றும் 3 மெகாபைட், மொத்தம் 24 மெகாபைட். மலைப் பக்கத்தில் விநாடிக்கு 4 மெகாபிட் வேகம் கிடைக்கிற ஒருவர் அதைத் திறந்தால் எல்லாப் படமும் வந்து சேர 48 விநாடி ஆகும். யார் காத்திருப்பார்கள்?

அரை மணித்தியாலம் செலவழித்து ஒவ்வொரு படத்தையும் 150 கிலோபைட்டுக்குச் சுருக்குங்கள். மொத்தம் 1.2 மெகாபைட். நேரம் 2.4 விநாடி. அரை மணித்தியால வேலையில் 45 விநாடிக்கு மேல் மிச்சம்! பார்க்கிறவருடைய டேட்டாவும் மிச்சம்.

இனி அடுத்த நாள் முழுக்க உட்கார்ந்து, தளத்தின் கட்டளைகளில் தேவையில்லாததை ஒவ்வொன்றாகப் பொறுக்கி 50 கிலோபைட் குறைத்தால் என்ன மிச்சமாகும்? விநாடியில் பத்தில் ஒரு பங்கு. கண் சிமிட்டுகிற நேரம். இப்போது சொல்லுங்கள், அந்த இரண்டாம் நாள் தேவைதானா?

சின்னத் தளத்துக்குப் பலன் தருகிற மற்ற வேலைகளும் இப்படி எளிமையானவைதான். தொலைபேசி இலக்கம் மேலேயே தெரியவேண்டும், தொட்டால் அழைப்புப் போகவேண்டும். விலை எழுதியிருக்கவேண்டும். கடை திறக்கிற நேரமும், வருகிற வழியும் இருக்கவேண்டும். கைத்தொலைபேசியில் எழுத்து வாசிக்கக்கூடிய அளவில் இருக்கவேண்டும். வாடிக்கையாளர் எந்த மொழிக்காரரோ அந்த மொழியில் இருக்கவேண்டும். இதற்கெல்லாம் இரண்டு மூன்று நாள் போதும். இதிலே ஒன்று குறைந்திருந்தாலும் வருகைக் கணக்கை எத்தனை மணித்தியாலம் பார்த்தாலும் பிரயோசனமில்லை.

நூற்றுக்கு நூறு

பரீட்சையில் 100 வாங்கப் பழகின பிள்ளைகளுக்கு இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. கூகுள் நிறுவனம் லைட்ஹவுஸ் என்ற இலவசக் கருவியை வைத்திருக்கிறது. தளத்தின் வேகத்துக்கு அது 100க்குப் புள்ளி போடும். 49 வரை சிவப்பு, 50இலிருந்து 89 வரை செம்மஞ்சள், 90இலிருந்து பச்சை. 93 எடுத்த பிள்ளை 100 எடுக்கத் துடிக்கும்.

அந்தக் கருவியைச் செய்தவர்களே தங்கள் விளக்கத்தில் என்ன எழுதியிருக்கிறார்கள் தெரியுமா? 100 எடுப்பது மிகவும் கடினம், அதை யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. 99இலிருந்து 100க்குப் போகத் தேவையான முன்னேற்றம், 90இலிருந்து 94க்குப் போகத் தேவையான முன்னேற்றத்துக்கு ஏறக்குறைய சமம். அதாவது அடியில் நாலு புள்ளி தருகிற பாடு உச்சியில் ஒரு புள்ளிதான் தரும்.

பக்கத்தின் முக்கியமான பகுதி 2.5 விநாடிக்குள் தெரிந்தால் நல்லது என்று அதே நிறுவனம் ஓர் எல்லை வைத்திருக்கிறது. அதுவும் நூறு வருகையில் 75க்கு அப்படி இருந்தால் போதும் என்கிறது. அந்த எல்லைக்குள் வந்துவிட்டால் எழும்பி வேறு வேலை பார்க்கலாம். பரீட்சைப் புள்ளி சான்றிதழில் ஏறும். இந்தப் புள்ளியைத் தைக்கக் கொடுக்க வருகிற அக்கா பார்க்கப் போவதே இல்லை.

நிறுத்துவது சோம்பேறித்தனமா?

எங்கள் சனங்களுக்கு உழைப்பை நிறுத்தச் சொன்னால் மனம் ஒப்பாது. பாடுபட்டே பழகியவர்கள் நாங்கள். "பாடுபட்டால் பலன் உண்டு" என்று சொல்லியே பிள்ளைகளை வளர்த்தோம். அது பொய்யில்லை. ஆனால் "ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்றும் நம் பெரியவர்கள்தானே சொன்னார்கள்?

தளத்தில் நிறுத்துகிற உழைப்பு எங்கேயும் காணாமல் போவதில்லை. அது வேறு மலைக்குப் போகிறது. அந்த இரவு நேரத்தில் பிள்ளை இன்னொரு கடைக்குத் தளம் செய்யலாம். ஆங்கிலமோ சிங்களமோ படிக்கலாம். போன் எடுத்த வாடிக்கையாளருக்கு ஒழுங்காகப் பதில் சொல்லலாம். மாதம் ஆறு பேர் போன் போட்டு, அதில் இரண்டு பேருக்குப் பதில் கிடைக்காமல் போகிற கடைக்கு, பட்டன் நிறத்தை மாற்றுவதை விடப் போனை எடுப்பது பெரிய திருத்தம். நித்திரை கொண்டாலும் நல்லதுதான். விடிந்தால் வேலைக்குப் போகவேண்டிய பிள்ளைக்கு நித்திரையும் ஒரு முதல்.

நிறுத்துவதென்றால் தளத்தை அநாதையாக விட்டுவிடுவதும் இல்லை. விலை மாறினால் மாற்றவேண்டும். பக்கம் திறக்காமல் போனால் திருத்தவேண்டும். கொழுந்து வந்ததும் திரும்பவும் அந்த மலைக்குப் போகிற மாதிரி, காரணம் வந்ததும் திரும்பவும் போகவேண்டும்.

முதலிடம் பிடித்துத் தருகிறோம் என்பவர்கள்

கடை வைத்திருப்பவர்களிடம் சிலர் வந்து, "மாசா மாசம் இவ்வளவு குடுங்க, கூகுள்ல உங்க கடைய முதல் இடத்துல காட்டுறோம்" என்று சொல்லிக் காசு வாங்குகிறார்கள். முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் கொடுக்க முடியாது என்று கூகுள் நிறுவனமே எழுதி வைத்திருக்கிறது. இதை எமது பிள்ளைகள் தெரிந்து வைத்திருக்கவேண்டும். ஏமாறாமல் இருப்பதற்கும், ஏமாற்றாமல் இருப்பதற்கும்.

ஏமாற்றாமல் என்று ஏன் சொல்லுகிறோம்? நாளைக்கு எமது பிள்ளையும் ஒரு கடைக்காரரிடம் மாதச் சம்பளம் பேசுவான். முதல் இரண்டு மாதம் உண்மையான வேலை இருக்கும். அதற்குப் பிறகு வேலை குறையும், ஆனால் சம்பளம் ஓடிக்கொண்டிருக்கும். அப்போது படம் படமாக வரைந்த அறிக்கையைக் காட்டி வேலை நடக்கிற மாதிரிப் பாசாங்கு செய்ய மனம் தூண்டும். அது வேண்டாம். "அண்ணே, தளத்துல செய்யவேண்டியது செஞ்சாச்சு. இனி மாசம் ஒரு தடவை பாத்துக் குடுக்கிறேன், அதுக்கு இவ்வளவு போதும்" என்று சொல்லுகிற பிள்ளையை அந்தக் கடைக்காரர் இன்னும் நாலு கடைக்குச் சிபாரிசு செய்வார். காசு குறைந்த மாதிரித் தெரிந்தாலும் பெயர் நிற்கும்.

நாம் சொல்லும் நாலு வழி

பிள்ளைகள் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்று. எந்தத் திருத்தமும் தொடங்க முன்னர் மூன்று வரி எழுதுங்கள்: எத்தனை மணித்தியாலம் செலவழிப்பேன், அதனால் மாதம் எத்தனை வாடிக்கையாளர் கூடலாம், ஒருவரால் கடைக்கு எத்தனை ரூபா மிஞ்சும். மூன்றையும் சேர்த்துப் பார்த்துக் கட்டுப்படியானால் மட்டும் கையை வையுங்கள்.

இரண்டு. பார்ப்பதற்கு ஒரே ஓர் எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள். தையல் கடைக்குப் போன் அழைப்பு, அறை கொடுப்பவருக்குப் பதிவு. எத்தனை பேர் வந்தார்கள் என்ற எண் பெருமைக்கு. எத்தனை பேர் கேட்டார்கள் என்ற எண்தான் அடுப்புக்கு.

மூன்று. வருகைக் கணக்கைப் பார்க்க மாதத்தில் ஒரு நாள் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று மாதத்தை ஒன்றாகச் சேர்த்து ஒப்பிடுங்கள். தினமும் திறந்து பார்க்காதீர்கள். விதை போட்டுவிட்டுத் தினமும் கிண்டிப் பார்த்தால் முளைக்காது.

நாலு. ஒரு திருத்தம் முந்தின திருத்தத்தின் பாதிப் பலன்கூடத் தரவில்லை என்றால், அடுத்ததைத் தொடங்க முன்னர் ஒரு தடவை நில்லுங்கள். இது நாம் கைக்கணக்காகச் சொல்லுகிற அளவு. உங்கள் அனுபவத்தில் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். நிற்காமல் போய்க்கொண்டிருப்பதுதான் ஆகாது.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை கணனிக்கு முன்னால் இருந்தால் "விளையாடுது" என்று ஏசாதீர்கள். "எவ்வளவு நேரம்?" என்று மட்டும் கேட்டாலும் போதாது. "மகன், இப்ப செய்யிறதால யாருக்கு என்ன கூடக் கிடைக்கும்?" என்று கேளுங்கள். கணனி தெரியாத அம்மாவும் இந்தக் கேள்வியைக் கேட்கலாம். பிள்ளைக்குப் பதில் தெரிந்திருந்தால் ஒரு பிளேன்டீ ஊற்றிக் கொடுத்து வேலை செய்ய விடுங்கள். பதில் இல்லையென்றால் விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கச் சொல்லுங்கள்.

எமது சமூகத்தில் பாடுபடாதவர்கள் குறைவு. பட்ட பாட்டுக்குக் கணக்கு வேறு யாரோதான் வைத்தார்கள். நிறுத்தவரும் எழுதினவரும் வேறு ஆட்கள். இன்றைக்கு இந்தப் பிள்ளைகள் தங்கள் உழைப்பின் கணக்கைத் தாங்களே எழுதக்கூடிய ஒரு தொழிலுக்கு வந்திருக்கிறார்கள். அந்தக் கணக்கை ஒழுங்காக எழுதிப் பழகுங்கள் என்று கேட்டு விடைபெறுகிறோம்.